சீசியமா, சோடியமா என்று கேட்பதற்கு முன்பு பரப்பைத் தேர்ந்தெடுங்கள்

குறைக்கடத்திப் பரப்பின் மேல் கார உலோக அணுக்களைப் படியவிட்டு, அவை எப்படி வரிசை கட்டுகின்றன என்று பார்க்கும் ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உலோகத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சீசியம் எடுக்கலாமா, பொட்டாசியமே போதுமா, சோடியம் எளிதாக இருக்குமா? சிங்கப்பூரில் இறுதியாண்டுத் திட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ தலைப்புத் தேடும் தம்பி தங்கைகள் இப்படிக் கேட்டால், பரப்பு எது என்று நான் திருப்பிக் கேட்பேன். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் எல்லாமே பரப்புக்குக் கொடுப்பது ஏறத்தாழ ஒன்றைத்தான்: வெளிக்கூட்டில் தளர்வாக இருக்கும் ஓர் எலக்ட்ரான். அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பரப்பின் கையில் இருக்கிறது. அணுக்கள் சங்கிலியாகுமா, கொத்தாகுமா, நிலைகொள்ளாமல் அலையுமா என்பதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஆகவே நான் ஒப்பிடப் போவது பரப்புகளை. காலியம் ஆர்சினைடு (110), சிலிக்கான் (100), சிலிக்கான் (111) 7×7, அப்புறம் அதே (111)-ஐச் சூட்டில் வைத்து எடுக்கும் 3×1. அடைப்புக்குள் இருக்கும் எண், படிகத்தை எந்தத் தளத்தில் வெட்டினோம் என்பதைச் சொல்லும்; 7×7, 3×1 போன்றவை, பரப்பின் அமைப்பு அந்தத் தளத்தின் அடிப்படைக் கட்டத்தைப்போல் எத்தனை மடங்கு இடைவெளியில் திரும்ப வருகிறது என்பதை. நான்குமே பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டவை. "அப்படியென்றால் அதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். தொடக்கத்தில் உங்கள் படம் சரியா, தப்பா என்று ஒத்துப்பார்க்க ஒரு பழைய படம் இருந்தாக வேண்டும்.

முதலில் சில எண்கள்

திண்ம உலோகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் சோடியத்தில் சுமார் 3.7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), பொட்டாசியத்தில் 4.6, சீசியத்தில் 5.3. இதைப் பரப்பின் அளவுகளோடு வைத்துப் பாருங்கள். சிலிக்கான் (100)-ல் ஓர் இணை வரிசையின் (இரண்டிரண்டாகச் சேர்ந்த சிலிக்கான் அணுக்களின் வரிசை) நீளவாக்கில் இடைவெளி 3.84 ஆங்ஸ்ட்ராம், வரிசைக்கும் வரிசைக்கும் 7.68. காலியம் ஆர்சினைடு (110)-ன் அலகுக்கூடு (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) 4.00-க்கு 5.65. சிலிக்கான் 7×7-ன் அலகுக்கூடு ஒரு பக்கம் 26.9 ஆங்ஸ்ட்ராம் நீளம். சோடியம் எங்கே பொருந்தும், சீசியம் எங்கே இடிக்கும் என்பது இந்த ஏழெட்டு எண்களிலேயே பாதி தெரிந்துவிடும். மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதி, மின்னேற்றம். அணு தன் எலக்ட்ரானை (அல்லது அதில் ஒரு பங்கை) பரப்பின் தொங்கு பிணைப்புக்கு (துணை அணு இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிணைப்பு) கொடுத்ததும் மேலே நேர்மின், கீழே எதிர்மின் என்று ஒரு சிறிய இருமுனை உண்டாகிறது. ஒரே திசையில் நிற்கும் இருமுனைகள் ஒன்றையொன்று தள்ளும். எனவே அணுக்கள் குறைவாக இருக்கும்போது, காலியான எம்ஆர்டி ரயில் பெட்டியில் ஏறுகிறவர்கள் தள்ளித் தள்ளி உட்காருவதைப் போல, அவையும் விலகி நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். பரப்பின் வெளியேற்று ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) இந்த இருமுனைகளால் மடமடவென்று இறங்கும். சீசியத்தை ஒழுங்காகப் படியவைத்தால் 3 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக்கூட இறங்கும். அணுக்கள் நெருங்க நெருங்க ஒவ்வோர் இருமுனையும் பக்கத்தில் உள்ளதை வலுவிழக்கச் செய்வதால் இறக்கம் ஓர் இடத்தில் நின்று, பிறகு உலோகத்தின் சொந்த மதிப்பை நோக்கிக் கொஞ்சம் ஏறும். சீசியத்துக்கு அது 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கம்.

இந்த வளைவு நான்கு பரப்புகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் வெளியேற்று ஆற்றலை மட்டும் அளந்துவிட்டு, அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று சொல்ல முடியாது. 1970-களிலும் 80-களிலும் நடந்த சண்டைகளில் பாதி இதனால் வந்தவை.

காலியம் ஆர்சினைடு (110): இயற்பியல் இங்கேதான் செழிப்பு

என் ஓட்டு எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். ஆனால் யாருக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பரப்பின் முதல் வசதி, அதைச் சுத்தம் செய்யவே வேண்டாம். (110) என்பது காலியம் ஆர்சினைடு தானாகப் பிளக்கும் தளம். வெற்றிடக் கலத்துக்குள் ஒரு சிறிய துண்டை வைத்து, ஓரத்தில் கீறி, ஆப்பால் ஓர் அழுத்து அழுத்தினால் புதுப் பரப்பு கிடைத்துவிடும். நன்றாகப் பிளந்தால் கண்ணாடி மாதிரி மின்னும். சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகத் தெரிந்தால் படிகள் நிறைய என்று அர்த்தம். அதில் நேரத்தை வீணாக்காமல் அடுத்த துண்டுக்குப் போய்விடலாம். சிக்கல் என்னவென்றால் பிளப்புகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. சிலிக்கானைப் போல நூறு தடவை சுட்டுச் சுத்தம் செய்ய இதில் வழியில்லை. சூடாக்கினால் ஆர்சனிக் முதலில் கிளம்பிப் போய்விடும்.

பிளந்த பரப்பில் அணுக்கள் புதிதாக அடுக்கிக்கொள்வதில்லை. ஆர்சனிக் சற்று மேலே எழும்பும், காலியம் கீழே இறங்கும், அவ்வளவுதான். 1×1 அப்படியே இருக்கும். ஆர்சனிக்கின் தொங்கு பிணைப்பு நிரம்பியிருக்கும், காலியத்தினுடையது காலியாக இருக்கும். இரண்டுமே ஆற்றல் இடைவெளிக்கு (குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) வெளியே தள்ளப்பட்டிருப்பதால் பரப்பு மின்னியல் ரீதியாகச் சுத்தமான பலகை. ஊடுருவு நுண்ணோக்கியில் (கூரிய ஊசியால் பரப்பை வருடி அணுக்களைக் காட்டும் கருவி) மின்னழுத்தத்தின் திசையை மாற்றினால் ஒரு படத்தில் ஆர்சனிக் மட்டும் தெரியும், இன்னொன்றில் காலியம் மட்டும் தெரியும். 1987-ல் ஃபீன்ஸ்ட்ராவும் ஸ்ட்ரோசியோவும் கூட்டாளிகளும் இதைக் காட்டினார்கள். அணு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அடித்துச் சொல்ல இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

இப்போது சீசியத்தைத் தூவுங்கள். தள்ளித் தள்ளி உட்கார வேண்டிய அணுக்கள் என்ன செய்கின்றன தெரியுமா? அறை வெப்பநிலையிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து, நூற்றுக்கணக்கான ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஒற்றைச் சங்கிலிகளாக நீள்கின்றன. 1991-ல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் விட்மன், ஸ்ட்ரோசியோ, டிராகோசெட், செலோட்டா ஆகியோர் வெளியிட்ட படங்கள் இன்றும் பார்க்கத் தக்கவை. சங்கிலி நேர்க்கோடாகவும் இல்லை. வளைந்து வளைந்து, பக்கத்து வரிசைக்குத் தாவித் தாவிப் போகிறது. காரணம் மேலே எழுதிய எண்களிலேயே இருக்கிறது: 4.00 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் 5.3 ஆங்ஸ்ட்ராம் அகல அணுவை நேராக அடுக்க இடமில்லை. 4.00-க்கு 5.65 கொண்ட செவ்வகத்தின் மூலைவிட்டத்தைக் கணக்குப் போட்டால் 6.9 வருகிறது. அந்த மூலைவிட்டத்தில்தான் அணுவுக்கு அடுத்த அணு.

அந்த 6.9-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உலோகச் சீசியத்தில் இருப்பது 5.3 மட்டும். சங்கிலியில் அணுக்கள் அதைவிட நன்றாகவே விலகி நிற்கின்றன. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்று கணக்குப் பார்த்தால் இந்தச் சங்கிலி கடத்தியாக இருக்க வேண்டும்; எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் பட்டை பாதிதானே நிரம்பியிருக்கிறது. ஆனால் அளந்தால் மின்கடத்தாப் பொருள்! இன்னும் சீசியம் சேர்த்தால் ஐந்து அணுப் பலகோணங்கள் சி(4×4) முறையில் பரப்பெங்கும் அடுக்கிக்கொள்கின்றன, அதுவும் கடத்தவில்லை. அதற்கு மேல் இரண்டாம் அடுக்கு வந்து நிறைந்த பிறகே உலோக குணம் எட்டிப்பார்க்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் தத்தம் இடத்திலேயே முடங்கிக் கிடக்கின்றன என்றது ஒரு கட்சி. அணிக்கோவையை (படிகத்தில் அணுக்கள் நிற்கும் சட்டகத்தை) கொஞ்சம் வளைத்துக்கொண்டு இரண்டிரண்டாக ஓரிடத்தில் சேர்ந்துகொள்கின்றன என்றது மறுகட்சி. 90-களின் தொடக்கத்தில் இந்த வாதம் சூடாக நடந்தது. போரான் கலந்த சிலிக்கான் (111) மேல் பொட்டாசியத்தை வைத்தபோதும் இதே இரண்டு விளக்கங்களும் திரும்ப மோதின என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. அதே நிஸ்ட் குழு, ஊடுருவு நுண்ணோக்கியின் ஊசி முனையில் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்து, சீசியம் அணுக்களை முனைக்கு அடியில் இழுத்துச் சேர்த்தும் காட்டியது. குளிர்விக்காமல், அறை வெப்பநிலையிலேயே. நேர்மின் பக்கம் சாய்ந்த, எளிதில் நகரும் அணுவாக இருப்பதால்தான் அது முடிந்தது.

இண்டியம் ஆன்டிமனைடு (110) மேலும் சீசியம் முதலில் வளைந்த சங்கிலியாகத்தான் வளர்கிறது, அணிக்கோவை அளவு 5.65-லிருந்து 6.48 ஆங்ஸ்ட்ராமுக்குப் போனாலும்கூட. ஆற்றல் இடைவெளி ஒன்றில் 1.42 எலக்ட்ரான் வோல்ட், மற்றதில் 0.17 மட்டும். ஆக, சங்கிலியை வடிவமைப்பது அந்த வரிசை வரிசையான பரப்பு என்ற என் வாதத்துக்கு இதுதான் முதல் சாட்சி.

பயன்பாட்டுப் பக்கமும் பலமானது. 1965-ல் ஷீர், வான் லார் இருவரும் பி-வகை (எலக்ட்ரான் குறையும்படி கலப்பிட்ட) காலியம் ஆர்சினைடு மேல் சீசியம் படியவைத்து, உள்ளே ஒளியால் எழும்பிய எலக்ட்ரான்கள் தடையின்றி வெளியே வருவதைக் காட்டினார்கள். அதன் வழித்தோன்றல்கள்தான் மூன்றாம் தலைமுறை இரவுநோக்கிக் கருவிகளின் ஒளிமின் பரப்புகளும், துகள் முடுக்கிகளில் சுழற்சி முனைவாக்கப்பட்ட எலக்ட்ரான் மூலங்களும். ஆனால் கருவிகளில் பயன்படுவது பெரும்பாலும் (100) பரப்பு, அதுவும் சீசியத்தோடு ஆக்சிஜன் சேர்த்து. (110) சங்கிலிகளைப் படித்துவிட்டு "இரவுநோக்கியை மேம்படுத்துவோம்" என்று நிதி விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், மதிப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

சிலிக்கான் (100): பெயர் பெரிது, தொல்லையும் பெரிது

சில்லுத் தொழிற்சாலைகள் பயன்படுத்துவது (100) தட்டு என்பதால் எல்லாருக்கும் முதலில் இதன்மேல்தான் கண். வுட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் என்று தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் அந்த ஆசை இயல்புதான். ஆனால் முதல் திட்டத்துக்கு இதை எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

சுத்தமான (100)-ல் பக்கத்துப் பக்கத்துச் சிலிக்கான் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து வரிசை கட்டுகின்றன, அதுதான் 2×1. கார அணு எங்கே உட்காரும்? 1973-ல் லெவின் சொன்னது, இணை வரிசையின் மேலே, அடுத்தடுத்த இணைகளுக்கு நடுவில் உள்ள பீட இடத்தில், ஒற்றைச் சங்கிலியாக. அப்படியென்றால் நிறைவில் பாதி ஓரடுக்கு (பரப்பில் உள்ள சிலிக்கான் அணுக்களின் எண்ணிக்கையில் பாதி). 1988-ல் அபுகாவாவும் கோனோவும் பொட்டாசியத்தை ஒளிமின் விளிம்பு விளைவால் (எக்ஸ் கதிர் வெளியேற்றும் எலக்ட்ரான்கள் எந்தத் திசைகளில் சிதறுகின்றன என்று பார்க்கும் முறை) பார்த்துவிட்டு, பீடத்தில் ஒன்று, வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இன்னொன்று, ஆக முழு ஓரடுக்கு என்றார்கள். பாதியா, முழுதா? இரு மடங்கு வித்தியாசம். ஆண்டுக்கணக்கில் இதன் மேல் கட்டுரைகள் வந்தன.

ஏன் இவ்வளவு நாள்? குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் விளிம்பு விளைவில் (பரப்பில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்கள் திரையில் காட்டும் புள்ளிகளைப் பார்க்கும் முறை) இரண்டு மாதிரிகளுக்கும் அதே 2×1 புள்ளிகள்தான் வரும். சுத்தமான பரப்புக்கும் 2×1 தான். புள்ளிகளின் இடம் எதையும் சொல்லாது. அவற்றின் செறிவு ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்று அளந்து, கணக்கோடு பொருத்த வேண்டும். அதோடு, எத்தனை அணுக்கள் படிந்தன என்பதைத் தனியாக, நம்பிக்கையோடு அளக்கவும் வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 6.8×10¹⁴ அணுக்கள் என்பது இங்கே ஓர் ஓரடுக்கு. உங்கள் அளவீட்டில் 30 விழுக்காடு பிழை இருந்தால் எந்தக் கட்சியையும் ஆதரிக்க முடியாது.

உலோகத்தை மாற்றினாலும் குழப்பம் தீராது. 3.84 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் சோடியம் சரியாக அமரும். பொட்டாசியம் நெருக்கிக்கொண்டு அமரும். சீசியத்துக்கு ஒவ்வொரு பீடத்திலும் இடமில்லை. அதனால் வேறு ஒழுங்குகளைத் தேடிப்போகிறது. இதைத் தலைப்பாக வைத்து ஒரே பரப்பில் மூன்று உலோகங்களையும் ஒப்பிடலாமே என்று தோன்றும். தலைப்பு அழகுதான். நான்கு ஆண்டு கையில் இருந்து, அளவீட்டில் கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் எடுங்கள். கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் சிங்க்ரோட்ரான் ஒளி மையம் போன்ற இடத்தில் உள்மட்ட ஒளிமின் நிறமாலை (எக்ஸ் கதிரால் அணுவின் உட்கூட்டு எலக்ட்ரான்களை வெளியேற்றி அவற்றின் ஆற்றலை அளப்பது) எடுக்க நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு வகை இடங்களில் அணுக்கள் இருந்தால் அந்த நிறமாலையில் அதன் சாயல் தெரியும்.

சிலிக்கான் (111) 7×7: சோடியம் கண்ணில் படவே படாது

7×7 பரப்பைப் பற்றிப் புதிதாக அறிமுகம் தேவையில்லை. பின்னிக்கும் ரோரருக்கும் 1986-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த நுண்ணோக்கியின் முதல் புகழ் இதன் படத்தால் வந்தது. 1985-ல் தகாயநாகி குழு அதன் அமைப்பை விடுவித்தது. ஓர் அலகுக்கூட்டில் 12 மேலமர்ந்த சிலிக்கான் அணுக்கள், மொத்தம் 19 தொங்கு பிணைப்புகள்.

இதன்மேல் சோடியத்தைக் கொஞ்சமாகப் போட்டால் வேடிக்கை. படத்தில் சோடியம் இருக்காது! அரைக்கூட்டுக்குள் (அலகுக்கூட்டின் இரண்டு முக்கோணப் பாதிகளில் ஒன்று) அது அறை வெப்பநிலையில் வெகு வேகமாக அலைந்துகொண்டிருப்பதால், மெதுவாக வருடும் ஊசிக்கு அணுவாகத் தெரிவதில்லை. சிலிக்கான் அணுக்களின் பளிச்சில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டும். இரு பரிமாண வாயு என்று இதைச் சொல்வார்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இந்த வாயு உறைந்தாற்போல், ஆறு சோடியம் அணுக்கள் கொண்ட ஒரே அளவுக் கொத்துகள் அரைக்கூடுகளில் தோன்றுகின்றன. கூடவே மூன்று சிலிக்கான் அணுக்களையும் இடம்பெயர்த்துத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் நன்றாக ஆராயப்பட்டது இது. சங்கிலி எங்கும் இல்லை. ஏனென்றால் பரப்பில் வரிசையே இல்லை. முக்கோண அறைகள்தான் இருக்கின்றன.

வெப்பநிலையை மாற்றிப் பார்க்கும் வசதியுள்ள நுண்ணோக்கி இருந்தால் இது அருமையான தேர்வு. சாதாரண அறை வெப்பநிலைக் கருவி மட்டும் இருந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

3×1: மன்னிக்கும் பரப்பு

கடைசி அமைப்பு கொஞ்சம் எளிமையானது, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிக்கான் (111)-ஐ 400, 500 டிகிரிச் சூட்டில் வைத்துக்கொண்டு கார உலோகத்தைப் படியவிட்டால் 7×7 கலைந்து 3×1 ஆகிறது. மூன்று இடத்துக்கு ஒரு கார அணு. அந்தச் சூட்டில் மிகுதியானது நிற்காமல் ஆவியாகிவிடுவதால் அளவு தானாகவே சரியாகிவிடும். (100)-ல் கழுத்தை நெரித்த பிரச்சினை இங்கே இல்லவே இல்லை. 1998-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே அமைப்புக்கு வந்துசேர்ந்தன: தேன்கூட்டுச் சிலிக்கான் சங்கிலிகள், அவற்றுக்கு நடுவே வாய்க்கால்கள், வாய்க்காலில் வரிசையாகக் கார அணுக்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம் எதைப் போட்டாலும் அதே கட்டுமானம். கார அணு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. மற்றதைச் சிலிக்கான் பார்த்துக்கொள்கிறது. பரப்பே முடிவு செய்கிறது என்பதற்கு இது இரண்டாம் சாட்சி, முதலாவதைவிட வலுவானதும்கூட.

எலக்ட்ரான் கணக்கு முழுமையாக நிறைந்துவிடுவதால் பரப்பு மந்தமானது. ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரியாது. ஒரே ஒரு தொந்தரவு, (111) மும்மடிச் சமச்சீர் கொண்டதால் மூன்று திசைகளிலும் பகுதிகள் வளரும். சற்றே சாய்த்து வெட்டிய தட்டு வாங்கினால் பெரும்பாலும் ஒரே திசைக்கு வந்துவிடும்.

நம்மூர்ச் சூழலில் கவனிக்க வேண்டியவை

வெற்றிடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 10⁻⁶ டோர் அழுத்தத்தில் ஒரு விநாடியில் பரப்பு முழுக்க வாயு மூலக்கூறுகள் மோதி மூடிவிடும். 10⁻¹⁰-ல் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைக்கும். மேலே சொன்ன 3×1 தவிர, கார உலோகம் படிந்த சிலிக்கான், சுத்தமான சிலிக்கானைவிட வேகமாக ஆக்சிஜனை இழுப்பதால் அந்த மூன்று மணி நேரத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கலத்தைத் திறந்து வைத்தால் உள்சுவர் முழுக்க நீர் படியும். திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜனால் நிரப்புவதும், வேலையைச் சட்டென்று முடித்து மூடுவதும் இங்கே கட்டாயம். 150 டிகிரியில் சுடுவதற்கு ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கார உலோகத்தைக் கட்டியாக யாரும் கையாள வேண்டியதில்லை. உலோகத்தின் குரோமேட்டும் சிர்கோனியக் கலவையும் அடைத்த மெல்லிய குழல்கள் விற்கிறார்கள்; சில ஆம்பியர் மின்சாரம் செலுத்தினால் பிளவு வழியாகத் தூய ஆவி வரும். புதுக்குழல் முதலில் உலோகத்தைவிட வாயுவைத்தான் அதிகம் கக்கும். அதனால் கலம் இன்னும் சூடாக இருக்கும்போதே மெதுவாக மின்சாரத்தை ஏற்றி அதை இளகவைத்துவிட வேண்டும். தூய சீசியம் 28.5 டிகிரியில் உருகிவிடும். நம்மூரில் குளிரூட்டியை நிறுத்தினாலே போதும், மதியத்துக்குள் திரவம்.

சிலிக்கானை எடுத்தீர்கள் என்றால் எஃகு இடுக்கியைத் தொடவே தொடாதீர்கள். அதிலிருந்து ஒட்டும் நிக்கல், தட்டை 1200 டிகிரிக்கு ஏற்றி இறக்கியபின் பரப்புக்கு வந்து (111)-ல் √19 அமைப்பாகத் தலைகாட்டும். (100)-ல் வரிசைகளைக் குறுக்கே வெட்டும். பீங்கான் முனை இடுக்கி பெரிய செலவில்லை.

சுத்த அறையைப் பகிர்ந்துகொள்ளும் குழுவில் சேர்கிறீர்களா? முன்கூட்டியே பேசிவிடுங்கள். 1960-களில் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் இயங்கத் தொடங்கும் மின்னழுத்தத்தை நகர்த்தி நகர்த்திப் பொறியாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது ஆக்சைடுக்குள் அலைந்த சோடியம் அயனிதான். அந்த நினைவு தொழிலில் இன்னும் மங்கவில்லை. கார உலோகம் பட்ட மாதிரியை மறுபடி உலைக்குள் விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.

சரி, எதை எடுப்பது?

ஓராண்டு இறுதியாண்டுத் திட்டம் என்றால் 3×1, சோடியம் அல்லது பொட்டாசியம். வேறு யோசனையே வேண்டாம். விளிம்பு விளைவுத் திரை ஒன்று இருந்தாலே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்: 7×7 புள்ளிகள் மறைந்து 3×1 புள்ளிகள் வரும். நுண்ணோக்கியும் கிடைத்தால் போனஸ்.

முனைவர் பட்டத்துக்கு வருகிறவர், நல்ல நுண்ணோக்கியும் பிளக்கும் அமைப்பும் உள்ள குழுவில் இடம் பெற்றிருந்தால், சீசியத்தைக் காலியம் ஆர்சினைடு (110) மேல் வைத்துப் பாருங்கள். அணுக்களுக்கு இடையே 6.9 ஆங்ஸ்ட்ராம் தூரமுள்ள, கடத்தாத ஒரு சங்கிலியை அணு அணுவாகப் பார்த்து, அதன் மின்னோட்ட வளைவையும் எடுக்க முடிகிற இடம் வேறு அதிகம் இல்லை. இன்றைய குளிர்நிலைக் கருவிகளின் ஆற்றல் துல்லியம் 1991-ல் கிடைக்காத ஒன்று. பழைய வாதத்துக்குள் புகுந்து பேச இன்னும் இடம் இருக்கிறது. முதல் ஆறு மாதம் பிளப்புகளிலேயே போகும் என்று மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

குளிர்நிலை நுண்ணோக்கி இருக்கிறது, பிளக்கும் அமைப்பு இல்லை என்றால் 7×7 மேல் சோடியம். வாயு எப்போது கொத்தாகிறது என்பதை வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சிலிக்கான் தட்டுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது.

நுண்ணோக்கி இல்லை, ஆனால் ஒளிமின் நிறமாலையில் கைதேர்ந்த குழு என்றால் மட்டும் சிலிக்கான் (100). அப்போதும் பொட்டாசியத்தில் தொடங்குங்கள், சீசியத்தில் வேண்டாம். படிந்த அளவை அளக்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகள் கையில் இருக்கின்றனவா என்று சேருவதற்கு முன்பே அந்தக் குழுவில் விசாரித்துவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வேறு தலைப்புக் கேளுங்கள்.